தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஒரே வண்டி

பென்னாகரம் சாலையோரம் ஒரு மாலை நேரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, போகிற வண்டிகளின் ஓசையை மட்டும் கேட்டுப் பாருங்கள். பஸ் போகும், லாரி போகும், டிராக்டர் போகும். இரு சக்கர வண்டிகள் தேனீக் கூட்டம்போல் இரைந்துகொண்டு கடந்து போகும். நடுவில் ஒன்று மட்டும் தனியாகக் கேட்கும். அது இரைவதில்லை, தட்டுகிறது. டப்... டப்... டப்... கண்ணைத் திறக்காமலே 'புல்லட் போகிறது' என்று சொல்லிவிடுவீர்கள்.

மற்ற வண்டிகளின் ஓசை ஒன்றாகக் கலந்து கேட்க, இது மட்டும் ஏன் எண்ணக்கூடியதாக இருக்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். இந்த எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக் வகை. பிஸ்டன் மேலும் கீழுமாக நான்கு ஓட்டம் ஓடினால்தான், அதாவது கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான், சிலிண்டருக்குள் ஒரு முறை தீப்பற்றும். நின்ற இடத்தில் நிதானமாக ஓடும்போது பழைய புல்லட்டின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றுச் சுற்றும். அப்படியானால் நிமிடத்துக்கு 400 வெடிப்பு. வினாடிக்கு ஏழுகூட இல்லை. வினாடிக்கு இருபதையும் தாண்டினால்தான் தட்டல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சுருதியாக நமக்குத் தோன்றும். ஆறும் ஏழும் காதில் தனித்தனியாகத்தான் விழும். சிலிண்டர் ஒன்றுதான் என்பதால் இடைவெளியை நிரப்ப வேறு வெடிப்பும் இல்லை.

இந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. 1978-ல் திருவொற்றியூரில் செய்தது. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடவேண்டும் என்றே வடிவமைக்கப்படும் மோட்டார் சைக்கிளை இன்று 'டூயல் ஸ்போர்ட்' என்று கடைக்காரர்கள் விற்கிறார்கள். எங்கள் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டதே இல்லை. இங்கே எந்த வண்டி வாங்கினாலும் அது இரண்டு வேலையும் செய்தாகவேண்டும். பெரிய சாலையை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் போனால் கேழ்வரகுக் கொல்லையும் புளியந்தோப்பும் வரும். அதற்கு அப்பால் கரடு. அரூருக்கு அப்பால் சித்தேரி மலை, தருமபுரிக்கு அருகிலேயே வத்தல்மலை, மேற்கே ஒகேனக்கல் காடு. மலைமேல் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் தார் போட்டது சமீப காலத்தில்தான். மழை பெய்தால் சில இடங்களில் அந்தத் தாரும் கீழே இறங்கிவிடும்.

தருமபுரி 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் பிரிந்து வேறு மாவட்டமாயின. இடைப்பட்ட 38 ஆண்டுகளும் ஓசூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதற்கு முன்பு இந்த நிலத்துக்குப் பாராமகால் என்று பெயர். 1792-ல் இது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, நில வரியைச் சீர்செய்ய வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னரான அவர் 1799 வரை இங்கே இருந்தார். அந்நாளில் இந்தப் பாதைகளுக்கு ஏற்ற வாகனம் குதிரைதான். குதிரை மெல்ல நடந்தாலும் நிற்காது. கல்லைப் பார்த்துக் கால் வைக்கும். புல்லும் கொள்ளும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஓர் இயந்திரம் குதிரையின் இடத்தைப் பிடிக்கவேண்டுமானால் இவற்றையெல்லாம் அதுவும் செய்தாகவேண்டும்.

சேற்றில் கற்ற பாடம்

இங்கிலாந்தில் ரெட்டிச் என்றோர் ஊர். ஊசி செய்வதற்குப் பேர்போனது. அங்கிருந்த ஒரு சைக்கிள் கம்பெனி, என்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குச் சில பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தத் தொடர்பால்தான் அதன் வண்டிகளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் வந்தது. 1901-ல் அது மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1932-ல் தன் ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஒன்றுக்குப் 'புல்லட்' என்று பெயரிட்டது. துப்பாக்கியிலிருந்து குண்டு பிறந்தது என்று சொல்லலாம்!

ஆனால் நாம் கவனிக்கவேண்டிய ஆண்டு 1948. அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தது. முன்னால் மட்டும் ஸ்பிரிங் இருக்கும். பின்னால் ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில் இரண்டு சுருள் வில், அவ்வளவுதான். ரெட்டிச் பொறியாளர்கள் பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆடக்கூடிய கை ஒன்றில் பொருத்தி, அதை ஷாக் அப்சார்பரால் தாங்கவைத்தார்கள். சுவிங் ஆர்ம் என்று இன்று எல்லா வண்டியிலும் இருக்கிறதே, அதேதான்.

சேற்றிலும் பாறையிலும் ஓட்டும் 'டிரையல்' பந்தயக்காரர்கள் இதை நம்பவில்லை. டிரையல் என்பது வேகப் பந்தயம் அன்று. ஓடையிலும் வழுக்குப் பாறையிலும் கால் தரையில் படாமல் வண்டியை நடத்திச் செல்லவேண்டும். கால் ஊன்றினால் மதிப்பெண் போயிற்று. பின்சக்கரம் இறுக்கமாக இருந்தால்தான் மண்ணைப் பிடிக்கும் என்பது அவர்கள் எண்ணம். உண்மை நேர்மாறாக இருந்தது. இறுக்கமான சக்கரம் கல்லில் மோதியதும் எகிறுகிறது. எகிறிய கணத்தில் டயருக்கும் தரைக்கும் தொடர்பே இல்லை. தொடர்பு இல்லாத இடத்தில் உராய்வு ஏது? உராய்வு இல்லாமல் இழுப்பு ஏது? ஆடும் சக்கரம் கல்லின்மேல் ஏறி இறங்கித் தரையை விடாமல் தொட்டுக்கொண்டே போகிறது.

1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் ஆறு நாள் நீண்ட சர்வதேசப் போட்டி நடந்தது. அதில் பிரிட்டிஷ் அணியிலிருந்த இரண்டு புல்லட்டுகளும் தங்கப் பதக்கம் பெற்றன. மறு ஆண்டு அந்த வண்டி கடைக்கு வந்தது. 1952-ல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலில் ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 350 சிசி புல்லட்டில் முதலிடம் பெற்றார். 'டூயல் ஸ்போர்ட்' என்ற சொல் பிறக்குமுன்பே அந்த வேலையை இந்த வண்டி கற்றுக்கொண்டுவிட்டது.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

சுதந்திர இந்தியாவின் ராணுவத்துக்கு எல்லைப் பகுதிகளில் ரோந்து போக ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. சாலை இருக்கும் இடத்திலும் ஓடவேண்டும், இல்லாத இடத்திலும் ஓடவேண்டும். 1950-களின் தொடக்கத்தில் புல்லட்டுகள் நூற்றுக்கணக்கில் தருவிக்கப்பட்டன. இவற்றை இறக்குமதி செய்தது சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கின, இங்கே பூட்டினார்கள். 1956-ஆம் ஆண்டு முடிவதற்குள் பூட்டி முடித்தவை 163 வண்டிகள். பிறகு அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்துசேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே உருவாகின.

இதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே முடிந்துபோயிற்று. தாய் மறைந்தபின் சேய் கடற்கரையோரத் தொழிற்சாலையில் வளர்ந்துகொண்டிருந்தது. 1977-ல் அதே புல்லட்டுகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயின.

இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். பாதிதான் பெருமை. வண்டி மாறாமல் இருந்ததற்கு அதன் சிறப்பு மட்டுமே காரணம் அன்று. மாற்றியாக வேண்டிய நெருக்கடி இல்லை. உரிமம், ஒதுக்கீடு, இறக்குமதித் தடை என்று வேலி போட்டிருந்த காலம் அது. பெரிய எஞ்சின் வேண்டும் என்பவர் புல்லட் வாங்கவேண்டும், அல்லது மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி வண்டிகளை வாங்கவேண்டும், இல்லையேல் ராஜ்தூத். போட்டி இல்லாத ஓட்டத்தில் யார் வேகமாக ஓடுவார்கள்? இருந்தாலும் அந்தத் தேக்கத்தால் ஓர் எதிர்பாராத நன்மை விளைந்தது. 1956-ல் கற்ற மெக்கானிக் 1996-லும் அதே எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். எந்தச் சிற்றூர்ப் பட்டறைக்குப் போனாலும் வைத்தியம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார்.

எழுபதும் தொண்ணூறும்

இனி எஞ்சினுக்குள் போவோம். புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. விட்டம் 7 செ.மீ., உயரம் 9 செ.மீ. உள்ள உருளையின் கன அளவைப் பள்ளிச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 346 கன செ.மீ. வரும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணும் அதுவே. 350 என்பது வாய்க்கு எளிதாகச் சொல்லும் பெயர்.

விட்டத்தைவிட ஓட்டம் நீளமாக இருப்பதால் என்ன ஆகிறது? ஒரு சுற்றில் பிஸ்டன் 180 மி.மீ. பயணம் செய்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 15 மீட்டர். அதற்கு மேல் போனால் தேய்மானமும் சூடும் கூடிவிடும். அதனால் இது வேகமாகச் சுழலக்கூடிய எஞ்சின் அன்று. 18 குதிரை சக்திதான் தரும். ஆனால் கிராங்க் தண்டோடு சுழலும் ப்ளைவீல் நல்ல கனம். அம்மிக் குழவியைப்போலச் சுழன்றுகொண்டிருக்கும் அந்த இரும்பு, ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையிலுள்ள நீண்ட இடைவெளியில் வண்டியை இழுத்துச் செல்கிறது. மேட்டில் வேகம் குறைந்து, வேறு வண்டியானால் 'பொசுக்'கென்று அணைந்துவிடும் இடத்தில், இது முனகிக்கொண்டே ஏறிவிடும். மண்பாதையில் இன்னொரு பயனும் உண்டு. ஒரு வெடிப்பில் டயர் சற்று வழுக்கினாலும், அடுத்த வெடிப்பு வருமுன் தரையைப் பற்றிக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கிறது.

பிஸ்டன் காற்றுக் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் நெருக்குகிறது. இன்றைய எஞ்சின்களைப் பார்க்க இது மிகக் குறைவு. எரிபொருளின் ஆற்றலில் ஒரு பகுதி இதனால் வீணாகிறது என்பது வெப்பவியல் படித்தவர்களுக்குத் தெரியும். அந்நாளில் கிடைத்த தரம் குறைந்த பெட்ரோலில் எஞ்சின் 'தட்டாமல்' ஓடியதும் இதனால்தான்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஒற்றைப் பிஸ்டன் மேலும் கீழும் பாய்வதை முழுவதும் சமன்செய்ய எதிர்எடையால் முடியாது. செங்குத்து ஆட்டத்தை முற்றாக அடக்கினால் அது முன்னும் பின்னுமான ஆட்டமாக மாறிவிடும். ஆகவே பொறியாளர்கள் பாதிக்குச் சற்று மேலாக அடக்கிவிட்டு, மீதியை ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் விட்டுவிட்டார்கள். திருகுகள் தாமாகக் கழன்றுகொள்ளும். எடையும் 160 கிலோவுக்கு மேல். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி 14 செ.மீ. அளவுதான், கரட்டுப் பாதையில் கல் அடியில் இடிக்கும் ஓசை வயிற்றைக் கலக்கும்.

ஜப்பானும் ஓசூரும்

திருவொற்றியூரில் காலம் நின்றிருந்தபோது வெளியுலகம் நிற்கவில்லை. 1968-ல் யமஹா கம்பெனி டிடி-1 என்ற 250 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. விளக்கு, ஹாரன் எல்லாம் பூட்டி, சாலையில் ஓட்டிக்கொண்டே போய் அப்படியே காட்டுக்குள் திருப்பக்கூடிய எளிய, எடை குறைந்த வண்டி. இந்த வகை வண்டிகளின் நவீன வரலாறு இங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். 1972-ல் ஹோண்டா எக்ஸ்எல் 250 வந்தது. அதன் ஒற்றைச் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். 1970-களின் நடுவில் யமஹாவின் எக்ஸ்டி 500. பாரிஸிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து டக்கார் வரை சென்ற முதல் பந்தயத்தில், 1979 ஜனவரியில், சிரில் நெவ்யூ வென்றது இந்த எக்ஸ்டி 500-இல்தான். பாலைவனத்திலும் கடைசியில் ஜெயித்தது ஒற்றைச் சிலிண்டர்!

நம் வேலிக்குள் இவையெல்லாம் வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது, அதுவும் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டம் என்று சொன்னேன் அல்லவா? அங்கே 1980-ல் டிவிஎஸ் 50 பிறந்தது. இருவர் உட்காரும் மொபெட்; 50 சிசி டூ ஸ்ட்ரோக், இதுவும் ஒற்றைச் சிலிண்டர்தான். 1984-ல் அதே ஓசூரிலிருந்து ஜப்பானியக் கூட்டுறவோடு இந்த்-சுசுகி வந்தது. விட்டம் 50 மி.மீ., ஓட்டமும் 50 மி.மீ.; கணக்குப் போட்டால் 98 கன செ.மீ. ஓட்டம் குறைவு என்பதால் பிஸ்டன் அதே வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும்போது இந்த எஞ்சின் 9000 சுற்று சுற்றமுடியும். புல்லட்டின் எடையில் ஏறக்குறையப் பாதி. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆகவேதான் அது தட்டவில்லை, இரைந்தது.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தருமபுரி மாவட்டத்தின் உண்மையான 'இரு பாதை' வண்டி புல்லட் அன்று. புல்லட் வைத்திருந்தவர்கள் போலீஸ்காரர்கள், காண்டிராக்டர்கள், வசதியுள்ள பண்ணைக்காரர்கள். மண்பாதையில் பால்கேனும் புல்லுக்கட்டும் தக்காளிக் கூடையும் ஏற்றி, வரப்பு மேல் ஓட்டி, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களின் வண்டி டிவிஎஸ் 50. வண்டி கவிழ்ந்தால் ஒரே ஆள் தூக்கி நிறுத்திவிடலாம். கெட்டுப்போனால் சைக்கிள் கடைக்காரரே பார்த்துவிடுவார். விலையும் கைக்கு எட்டியது. புல்லட்டைப் பற்றிப் பாட்டே கட்டியிருக்கிறோம். இந்தச் சின்ன வண்டியைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதவில்லை.

டீசல் புல்லட் என்று ஒன்றும் இருந்தது, தெரியுமா? டீசல் எஞ்சினைப் புல்லட் சட்டத்தில் பூட்டும் வேலையைச் சிறு பட்டறைகள் செய்துவந்தன. 1990-களில் கம்பெனியே 'டாரஸ்' என்ற பெயரில் 325 சிசி டீசல் வண்டியை விற்றது. சக்தி வெறும் 6.5 குதிரை. மலை ஏறும்போது பின்னால் உட்கார்ந்தவர் இறங்கி நடந்து, முன்னால் போய்க் காத்திருக்கலாம் என்று கேலி செய்வார்கள். ஆனாலும் ஒரு லிட்டரில் அது வெகுதூரம் போயிற்று. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததும் அது மறைந்தது.

வைத்துக்கொள்வது எப்படி?

பழைய புல்லட்டை வாங்குவது எளிது, கிளப்புவதுதான் கலை. சாவியைத் திருப்பியதும் ஆம்பியர் மானியின் முள் இடப்பக்கம் சாயும். பிளக்குக்கு மின்பொறி அனுப்பும் 'பாயிண்ட்' மூடியிருக்கிறது, பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடுகிறது என்று அதற்குப் பொருள். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் பாறைபோல நிற்கும். முள்ளும் நடுவுக்கு வரும். பிஸ்டன் கலவையை நெருக்கிக்கொண்டு உச்சிக்கு வந்துவிட்டது, பாயிண்ட் திறந்துவிட்டது. இப்போது இடக்கைப் பக்கமுள்ள சிறு பிடியை இழுத்தால் ஒரு வால்வு சற்றே திறந்து காற்றை வெளியே விடும். பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு நூல் தாண்டவைத்துவிட்டுப் பிடியை விடவேண்டும். பிறகு கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. இவ்வளவு சடங்கு எதற்கு? அடுத்த நெருக்கல் வருமுன் கனத்த ப்ளைவீலுக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று ஓடி வேகம் சேர்க்க இடம் வேண்டும், அதற்காகத்தான்.

எனக்கு இது தெரியாத காலத்தில் பாயிண்ட் இடைவெளியை நானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தேன். அது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கவேண்டும். நான் கண்ணளவில் வைத்தேன். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும். சீக்கிரம் திறந்தால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பற்றும். தீயின் அழுத்தம் பிஸ்டனை வந்த வழியே திருப்பி அடிக்க, கிக்கர் என் காலைத் தூக்கி எறிந்தது. ஒரு வாரம் கணுக்காலில் பத்துப் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய பட்டறையில் ஒரு மெக்கானிக் பெரியவர் இருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. சிகரெட் பெட்டிக்குள்ளிருந்த மெல்லிய தாளைக் கிழித்துப் பாயிண்டுக்கு நடுவே செருகினார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுப் பிஸ்டனின் உச்சியைப் பார்த்துக்கொண்டார். பின்சக்கரத்தை மெல்ல மெல்ல நகர்த்தினார். பிஸ்டன் உச்சிக்கு வர ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது அந்தத் தாள் வழுக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும், வந்தது. "தம்பி, பயந்துகிட்டு மிதிச்சா அது திருப்பி மிதிக்கும். மிதிச்சா முழுசா மிதி" என்றார். நான் கல்லூரியில் படித்த இயற்பியல் முழுவதையும் அந்தத் தாள் துண்டு அரை மணி நேரத்தில் திருப்பிச் சொல்லிக்கொடுத்தது.

அடிக்கடி பட்டறையில் நிற்கும் வண்டியை எதற்கு வைத்திருக்கிறாய் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் எங்கள் ஊர்க் கதையையே சொல்வேன். தருமபுரியின் பழம் பெயர் தகடூர். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பாக வீட்டில் இருப்பதையும், அதியமானின் வேல்கள் முனை ஒடிந்து கொல்லன் உலையில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பேசியதை நீங்கள் புறநானூற்றில் படித்திருப்பீர்கள். பட்டறையில் நிற்கும் வண்டி பயன்படுகிற வண்டி. (இந்த வாதம் என் வீட்டில் மட்டும் எடுபடுவதில்லை.)

சித்தேரிக்கு ஏறும்போது இரண்டாவது கியரிலேயே வளைவுகளைக் கடந்துவிடலாம். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். பழைய டிரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக் கட்டையின் உராய்வு குறைந்துவிடும், பிடித்தாலும் பிடிக்காது. ஆகவே ஏறிய அதே கியரில் இறங்கவேண்டும். ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டால், அடைபட்ட கார்புரேட்டர் வழியே காற்றை உறிஞ்சப் பிஸ்டன் திணறும். அந்தத் திணறலே வண்டியைத் தடுத்து நிறுத்தும் பிரேக். பழக்கமில்லாதவர்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒருமுறை மலையடிவாரத்தில் டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் ஒரு பெரியவர் எழுந்து நின்று, "ஸ்டேஷன்ல இருந்து வர்றீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. இந்த ஓசைக்கு ஊர்களில் அப்படியும் ஒரு வரலாறு உண்டு.

வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சின் 2010 வாக்கில் நின்றது. 2011-ல் ஹீரோ கம்பெனி 'இம்பல்ஸ்' என்ற 150 சிசி இரு பாதை வண்டியைக் கொண்டுவந்தது. அன்று அதை வாங்க ஆள் குறைவு, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். 2016-ல் ராயல் என்ஃபீல்டின் 'ஹிமாலயன்' சென்னையை அடுத்த தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதுவும் ஒற்றைச் சிலிண்டர்தான். விட்டம் 78, ஓட்டம் 86 மி.மீ., அதாவது 411 சிசி. இன்னமும் நீண்ட ஓட்டம்! ஆனால் அதிர்வை அடக்கத் தனியாக ஒரு எதிர்எடைத் தண்டு. தரையிலிருந்து 22 செ.மீ. உயரம், முன்சக்கரம் 21 அங்குலம். சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லை அது சந்திக்கும் கோணம் சாய்வாகிறது, மோதாமல் ஏறிவிடுகிறது. 2023-ல் ஹிமாலயனில் அந்த எஞ்சினின் இடத்துக்கு நீரால் குளிரும் புதிய எஞ்சின் வந்தது. பழுது பார்க்க இப்போது தாள் துண்டு போதாது; கம்ப்யூட்டரைச் செருகவேண்டும். அது நல்ல வண்டியா என்றால், சந்தேகமில்லாமல் நல்ல வண்டி. அதன் பிரேக்கை நான் ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு என் வண்டியை நினைத்து வெட்கப்பட்டேன்.

உங்களில் யாராவது பழைய வண்டி ஒன்றை வாங்க நினைத்தால், பளபளப்பைப் பார்க்காதீர்கள். சட்டத்தில் வெட்டிய எண்ணும் எஞ்சினில் வெட்டிய எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவைதானா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் எஞ்சின் வேறு ஊரிலிருந்து வந்ததாக இருக்கும். முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். பசுமை வரியும் உண்டு. புகைச் சான்றும் வேண்டும். இது நியாயமானதே, ஒரு கிலோமீட்டருக்குப் பழைய எஞ்சின் விடும் புகை புதியதைவிடப் பலமடங்கு. இன்னொரு புதுச் சிக்கல், இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய காலத்து ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் வளையங்களையும் ஊறவைத்து உப்பச்செய்யும். நீண்ட நாள் வண்டி நிற்கப்போகிறதென்றால் டாங்கில் பெட்ரோல் விடாதீர்கள். அந்தப் பெரியவரின் பட்டறை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. சென்ற ஆடியில் ரப்பர் குழாயை நானே மாற்றினேன். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்து வளையம் மட்டும் இன்னும் லேசாகக் கசிகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரிக்கவேண்டும்.